ஒன்றரைக் கிலோ கூடுதல்

அத்தியாயம் 11

மார்ச் முப்பத்தொன்று வந்தால் ஊரில் யாருக்கு என்ன ஆகிறதோ தெரியாது, நாகஜோதிக்குக் கை பரபரக்கும். காரைக்குடியில் ஓர் ஆடிட்டரிடம் மூன்று வருடமாக வேலை பார்க்கிறவள். ஊரார் கணக்கையெல்லாம் அலசிக் காயப்போடுகிறவளுக்குச் சொந்த அப்பாவின் கடைக் கணக்கை முடிக்க வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். அதையும் இந்த முறை கெஞ்சித்தான் வாங்கி வந்திருந்தாள்.

அமராவதிபுதூரில் முத்துக்கண்ணன் மெத்தைக் கடை என்றால் முத்துக்கண்ணன் மட்டும்தான். இலவம்பஞ்சு வாங்குவது, கொட்டை நீக்குவது, துணி வெட்டுவது, தைப்பது, அடைப்பது எல்லாம் அவரே. "என் கூலிய எந்தக் கட்டத்துலத்தா போடுவ?" என்று வருடா வருடம் மகளைக் கேட்பார். "முதலாளிக்குக் கூலி போட முடியாதுப்பா, மிஞ்சுறதுதான் உங்க கூலி" என்பாள் ஜோதி. "மிஞ்சலைன்னா சும்மா ஒழைச்சேனாக்கும்?" என்று சிரிப்பார்.

இந்த வருடம் கேட்கவில்லை. அந்த மனுஷன் சிரித்தே எட்டு மாதம் ஆகிறது.

காரணம் உங்களுக்குத் தெரியும். போன ஆடியில் சின்னவள் சுபலட்சுமி மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பத்தொன்பது வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியப்பா சின்னக்கருப்பன் தம்பியைத் தனியே கூப்பிட்டு, "கன்னி கழியாத புள்ள துணிய வீட்ல வச்சிருக்காதடா, கொண்டுபோயி எரிச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் முத்துக்கண்ணன் அத்தனையையும் மூட்டை கட்டி வண்டியில் வைத்துக் கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோனார்.

"ஒரே ஒரு துணி குடுத்துட்டுப் போங்க" என்று அவர் மனைவி மலையம்மாள் வாசல்வரை ஓடி வந்தாள். வருடம் திரும்பும்போது, கன்னியாகப் போனவளுக்குப் படையல் போட வேண்டும். அவள் உடுத்திய துணி ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவது மலையம்மாளின் பிறந்த வீட்டு வழக்கம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்கையோடு வந்து, "எரிச்சாச்சு" என்றார்.

அன்றைக்கு மூடிய வாய்தான். புருஷனிடம் மலையம்மாள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று காலையிலும் அதே கதைதான். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அவுகளுக்கு இன்னொரு இட்டிலி வேணுமான்னு கேளு ஜோதி" என்றாள். "போதும்னு சொல்லுத்தா" என்றார் அவர். நடுவில் உட்கார்ந்திருந்த ஜோதி இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டுத் தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

சாப்பிட்டுவிட்டு அப்பாவும் மகளும் வீட்டை ஒட்டியிருந்த கடைக்குள் போனார்கள். முத்துக்கண்ணன் நான்கு நாளாகத் தேனிப் பக்கம் பஞ்சு வாங்கப் போயிருந்துவிட்டு முந்தின இரவுதான் வந்திருந்தார். வாங்கிய பஞ்சு லாரியில் நாளைக்குத்தான் வரும். அதனால் அது அடுத்த வருடக் கணக்கு.

ஜோதி மூன்று தாள் எடுத்துக்கொண்டாள். ஒன்றில் பஞ்சும் துணியும். இன்னொன்றில் பாதி வேலையில் கிடப்பவை. மூன்றாவதில் முடிந்து விற்பனைக்கு நிற்கிற சரக்கு. எண்ணுவது அவள், எடை போடுவது அவர்.

பாதி வேலையில் ஒன்பது உறைகள். அடைக்காமல் கிடந்தன. எட்டு நீலக்கோடு, ஒன்று சிவப்புக்கோடு. முடிந்த தலையணை பதினான்கு, எல்லாமே நீலக்கோடு. பேரேட்டோடு ஒத்துப்போனது. ஜோதிக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி முதல் எண்ணிக்கையிலேயே ஒத்துப்போகிற கடையை அவள் ஆபீஸில் பார்த்ததே கிடையாது.

பஞ்சுக்கு வந்தபோதுதான் இடித்தது.

வருட ஆரம்பத்தில் இருந்த பஞ்சு, வாங்கிய பஞ்சு, அதில் தூசும் கொட்டையும் போக மிச்சம் அறுநூற்று நாற்பது கிலோ. தலையணை இருநூறு, ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோ வீதம் முந்நூறு. மெத்தை பதினெட்டு, ஒன்றுக்குப் பதினேழு வீதம் முந்நூற்றாறு. ஆக, முப்பத்து நான்கு கிலோ மீதி இருக்க வேண்டும். தராசு முப்பத்தைந்தரை காட்டியது.

"அப்பா, ஒன்றரைக் கிலோ கூட இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். ஈரம் ஏறியிருக்கும்."

"பங்குனி வெயில்ல என்னப்பா ஈரம்?"

முத்துக்கண்ணன் தராசுச் சங்கிலியைத் துடைக்க ஆரம்பித்தார்.

குறைந்தால் சேதாரம் என்று எழுதிவிடலாம். எலி கடித்தது, காற்றில் பறந்தது, ஆயிரம் காரணம் உண்டு. கூடினால் என்னவென்று எழுதுவது? பஞ்சு தானாகக் குட்டி போடுமா? ஜோதிக்கு விட மனமில்லை. ஒன்றரைக் கிலோ என்றால் சரியாக ஒரு தலையணை. ஏதோ ஒரு தலையணைக்குள் பஞ்சே போகவில்லை.

"யாருக்கோ அடைக்காமக் குடுத்துட்டீகளா?"

"என்னத்தா பேசுற? முப்பது வருசத்துல என் கடையிலேருந்து ஐம்பது கிராம் கொறஞ்சு ஒரு தலையணை வெளிய போயிருக்கா?" குரல் உயர்ந்தது. உயர்ந்த வேகத்திலேயே தணிந்தும் போனது. "விடு ஜோதி. ஆடிட்டரு ஒன்றரைக் கிலோவுக்கா கேக்கப் போறாரு?"

அவள் பதினான்கு தலையணைகளையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தன. அப்புறம் அப்பாவின் நோட்டைப் பின்பக்கமிருந்து புரட்டினாள். அடைத்த தேதி, என்ன அடைத்தது, எத்தனை கிலோ என்று மூன்று கட்டம். அவருடைய குண்டு குண்டான எழுத்து. வருடம் முழுவதும் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதியில் விரல் நின்றது. 'சிவப்புக்கோடு தலையணை 1.' பஞ்சு எத்தனை கிலோ என்ற கட்டத்தில் எண் இல்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் இழுத்திருந்தார்.

பதினாறாம் நாள் ஆகஸ்ட் பத்து. துணியை எரித்தது பதினொன்று. இது அதற்கு மறுநாள்.

ஜோதி தலை நிமிர்ந்தபோது அப்பா தையல் மெஷினுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். கையால் துழாவினார். மண்டியிட்டு அடியில் பார்த்தார். எழுந்து நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இங்குட்டு ஒரு தலையணை வச்சிருந்தேனே... பேப்பர் சுத்தி..."

ஜோதி நோட்டைக் கீழே வைத்தாள். "அதையா தேடுறீக? அதை நான் நேத்துக் கண்டனூருக்குக் குடுத்துட்டேனேப்பா."

நடந்தது இதுதான். கண்டனூர் சொர்ணவல்லி ஆச்சி வீட்டில் மகளுக்குக் கல்யாணம். சீருக்கு மெத்தை இரண்டு, தலையணை பன்னிரண்டு கேட்டிருந்தார்கள். சிவப்புக்கோடு போட்ட நல்ல துணியில்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பதினொன்றை முடித்து, பன்னிரண்டாவதற்கு உறை மட்டும் தைத்து வைத்துவிட்டு முத்துக்கண்ணன் தேனிக்குப் போனார். நேற்று ஜோதி வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் ஆச்சி வீட்டு வேன் ஒரு நாள் முந்தியே வந்துவிட்டது. ஒன்று குறைகிறதே என்று தேடிய ஜோதி மெஷினுக்குப் பின்னால் பேப்பர் சுற்றிய சிவப்புக்கோட்டைப் பார்த்தாள். அப்பா எண்ண மறந்துவிட்டார் என்று நினைத்து வேனில் ஏற்றினாள். தூக்கும்போது கனமாகத்தான் இருந்தது. இறுக்கி அடைத்திருக்கிறார் போல என்று அப்போது தோன்றியது.

முத்துக்கண்ணன் பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"கண்மாய்க்குப் போனேன்த்தா. தீப்பெட்டியக்கூட எடுத்தேன். மேலாப்புல அவ காலேஜுக்குப் போட்டுட்டுப் போற நீலச் சுடிதாரு. கை வரல. பஞ்சுச் சாக்குக்குள்ள வச்சுக் கொண்டாந்துட்டேன். மறுநா அம்புட்டையும் அந்தத் தலையணைக்குள்ள அடைச்சுத் தச்சேன்."

"அம்மாட்டச் சொல்லியிருக்கலாமேப்பா!"

"உங்காத்தா அப்ப அந்தப் புள்ள செருப்பப் பாத்தே மயங்கி விழுந்தா. துணியக் கண்டா என்ன ஆவாளோன்னு பயந்தேன். ரெண்டு நாளு கழிச்சுச் சொல்லுவம்னு இருந்தேன். அதுக்குள்ள அவ பேச்சை விட்டுட்டா. நாளாக நாளாக எப்படிச் சொல்லுறது? எட்டு மாசமாப் பொய் சொன்னேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

"நோட்டுல ஏம்ப்பா எழுதுனீக?"

"தலையணை தச்சேன்ல? தச்சா எழுதணும்ல?" அவர் இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "மத்தியானம் செத்த நேரம் அதுல தலை வச்சுப் படுத்துக்குவேன். அதுக்குத்தான் வச்சிருந்தேன்."

தங்கை போன அன்றைக்குக்கூட அழாத அப்பா. கல் மனசு என்று அம்மா சொன்னதை ஜோதியும் நம்பித்தான் இருந்தாள். இப்போது அந்த மனிதர் தோள் குலுங்க அழுதார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் வீட்டுக்குள் கேட்டுவிடக் கூடாதே என்று இருவருமே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

முதலில் எழுந்தது ஜோதிதான். "அந்தச் சிவப்பு உறைய எடுங்க. கூட இருக்கிற ஒன்றரைக் கிலோவ அடைச்சுக் குடுங்க. நான் போயி மாத்திக்கிட்டு வந்துர்றேன்."

அவர் அடைத்தார். அந்த அவசரத்திலும் மூலைக்கு மூலை பஞ்சைத் தள்ளிச் சமப்படுத்தியபிறகுதான் வாயைத் தைத்தார்.

கண்டனூர் வீட்டில் முன் கூடம் முழுக்கச் சீர் சாமான் பரப்பியிருந்தது. பித்தளை, எவர்சில்வர், பீங்கான் என்று வரிசை வரிசையாக. ஒரு பெண் பட்டியல் நோட்டை வைத்துக்கொண்டு சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டியிலிருந்து இறக்கிய தலையணையோடு ஜோதி வாசலில் நின்றதுமே சொர்ணவல்லி ஆச்சி பார்த்துவிட்டார்.

"வாத்தா, வா. நானே போன் போடணும்னு இருந்தேன். உங்கப்பா பண்ணியிருக்கிற வேலையப் பாத்தியா?"

ஆச்சி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மற்ற பதினொன்றும் அடுக்கியிருக்க, ஒன்று மட்டும் சுவரோரம் தரையில் கிடந்தது. அதன் ஓரத்தில் நான்கு விரற்கடை அளவுக்குத் தையல் பிரித்திருந்தது. உள்ளேயிருந்து நீலத்துணி எட்டிப் பார்த்தது.

ஜோதிக்கு அந்த நீலம் தெரியும். கழுத்து ஓரத்தில் வெள்ளைப் பூ வைத்தது. தீபாவளிக்கு இரண்டு பேரும் ஒரே கடையில் எடுத்தது. 'எனக்குத்தான் நீலம்' என்று சுபா பிடுங்கிக்கொண்டாள்.

"தொட்டுப் பாத்தாக் கல்லு மாதிரி இருக்கேன்னு பிரிச்சுப் பாத்தேன். பழைய துணிய அடைச்சு வச்சிருக்கீக! நாலு பேரு வந்து பாக்குற சீருத்தா இது. சம்பந்தி வீட்டுல பிரிச்சிருந்தா எங்க மானம் என்னாகும்? முத்துக்கண்ணன்னா கைசுத்தம்னு எங்க அப்பச்சி காலத்திலேருந்து சொல்லுவாக. அந்தப் பேருக்காகத்தான அங்குட்டு ஆளனுப்பி வாங்குனோம்?"

ஜோதி வாயைத் திறந்தாள்.

உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அப்பா ஏமாற்றுக்காரர் இல்லை என்று ஆகிவிடும். ஆனால் என்னவென்று சொல்வது? 'இது செத்துப்போன என் தங்கச்சி துணி ஆச்சி' என்றா? நாளை மறுநாள் தாலி ஏறப்போகிற வீட்டில், மணப்பெண்ணின் சீர் நடுவில் நின்றுகொண்டு? பக்கத்து அறையில் அந்தப் பெண் யாரோடோ போனில் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. சுபாவுக்கும் அவளுக்கும் அதிகம் போனால் இரண்டு வயது வித்தியாசம் இருக்கும். அந்தச் சிரிப்பில் போய் இதைக் கொட்ட ஜோதிக்கு மனம் வரவில்லை.

"தப்புதான் ஆச்சி. மன்னிச்சுக்கிடுங்க. இது நல்லது. எடை போட்டுப் பாத்து வாங்கிக்கிடுங்க."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? உங்கப்பாவுக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சா?"

ஜோதி புதுத் தலையணையைக் கொண்டுபோய் அடுக்கில் வைத்தாள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார் ஆச்சி. "அந்த மெத்தை ரெண்டும் வேணாம். ஆளனுப்பித் தூக்கிக்கிடுங்க. எங்க பங்காளி வீடு மூணு பேரு உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தாக. அவுககிட்டயும் வேணாம்னு சொல்லிர்றேன். மனசு விட்டுப்போச்சு."

ஜோதி குனிந்து தலையணையை எடுத்தாள். பிரிந்த ஓரத்தை நெஞ்சோடு ஒட்டினாற்போலப் பிடித்துக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தாள். சூரக்குடி விலக்கு வரும்வரை அழுகையை அடக்கி வைத்திருந்தாள். அங்கே ஒரு புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, 'முப்பது வருசப் பேரு' என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்பா எதையும் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. மகளின் துணியை எரிக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதற்கு இந்தப் பழியா?

வீட்டுக்கு வந்தபோது மணி நான்கு. பேசாமல் கடைக்குள் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். மலையம்மாள் வாசலில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போன சோறுகூடத் திங்காம? அதென்ன கையி..."

முடிக்கவில்லை. வண்டி ஆட்டத்தில் ஓரம் இன்னும் கொஞ்சம் பிரிந்து நீலத்துணி ஒரு சாண் வெளியே தொங்கியது. வெள்ளைப் பூ.

மலையம்மாளின் கையிலிருந்த முறம் சரிந்தது. மிளகாய்க் கையைச் சேலையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். பிறகுதான் தொட்டாள். தலையணையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மயங்கவில்லை. கத்தவும் இல்லை. குனிந்து அந்தத் துணியை மூக்கோடு வைத்து அழுத்தினாள்.

முத்துக்கண்ணன் கடை வாசலில் வந்து நின்றார். அதற்குமேல் கிட்டே வரப் பயந்தார்.

"எல்லாமே இருக்கான்னு கேளு ஜோதி" என்றாள் மலையம்மாள், தலையைத் தூக்காமல்.

"இருக்குன்னு சொல்லுத்தா. கைக்குட்டை மொதக்கொண்டு அம்புட்டும் இருக்கு. ஒண்ணக்கூட எரிக்கல."

"ஏன் சொல்லலைன்னு கேளு."

அவருக்குப் பதிலாக ஜோதி சொன்னாள். கண்மாய்க் கரையில் தொடங்கி, மத்தியானத் தூக்கம், நோட்டில் இழுத்த கோடு, வேன், கண்டனூர் கூடம், ஆச்சி சொன்ன சொல் என எல்லாவற்றையும் சொன்னாள். தான் வாயைத் திறக்காமல் வந்ததையும் சொன்னாள். "நல்லது பண்ணுனத்தா" என்றார் முத்துக்கண்ணன். "கல்யாண வீட்டுல போயி அதைச் சொல்லுறதாவது. எம் பேரு போனாப் போகுது."

மலையம்மாள் அப்போதும் அவர் பக்கம் பார்க்கவில்லை. விரலால் அந்த வெள்ளைப் பூக்களைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஜோதி தாளை எடுத்து வந்து அங்கேயே உட்கார்ந்தாள். ஐந்து மணிக்குள் ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும். பஞ்சு முப்பத்து நான்கு கிலோ. இப்போது சரியாக இருந்தது. மடியில் கிடக்கிற இதை எங்கே எழுதுவது? விற்றதும் இல்லை, கையிருப்பும் இல்லை. கடைசி வரியில், 'சொந்த உபயோகத்துக்கு எடுத்தது: தலையணை 1' என்று எழுதினாள். அதற்கு விலை போட வேண்டும் என்பது விதி. உறைத் துணிக்கு மட்டும் நூற்றுப்பத்து ரூபாய் போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

போன் அடித்தது. கண்டனூர் நம்பர்.

"ஆத்தா, நான் சொர்ணவல்லி பேசுறேன்." கூடத்தில் கேட்ட குரல் இல்லை இது. தணிந்திருந்தது. "நீ தூக்கிட்டுப் போனப்ப ஒரு கைக்குட்டை இங்க விழுந்திருக்கு. சின்னப் புள்ளைக கையால தச்ச மாதிரி, சுபான்னு பேரு போட்டிருக்கு. மனசுக்கு என்னமோ போல இருக்குத்தா. யாரு அது?"

ஜோதி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "சுபா கைக்குட்டை அங்கன கெடக்காம். யாருதுன்னு கேக்குறாக" என்றாள்.

முத்துக்கண்ணன் 'வேண்டாம், வேண்டாம்' என்று இரண்டு கையையும் ஆட்டினார். "கடைத்துணி, தெரியாம விழுந்துருச்சுன்னு சொல்லிருத்தா."

மலையம்மாள் தலையணையை ஒரு கையால் அணைத்தபடி எழுந்தாள். நேராக வந்தாள். மகள் கையிலிருந்து போனை வாங்கினாள். அப்போதுதான், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே போனில் பேசினாள்.

"ஆச்சி, நான் மலையம்மா பேசுறேன். எங்க வீட்டுக்காரவுக இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரையும் ஏமாத்துனதில்ல. சுபா எங்க சின்ன மக. சொல்றேன், கேளுங்க."